புள்ளிக் கணக்கு

1916-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையிலிருந்து கில்பர்ட் லூயிஸ் என்ற ரசாயன சாஸ்திரி வெளியிட்ட கட்டுரையில், அணுக்களைச் சுற்றிப் புள்ளி வைத்துப் பிணைப்பை விளக்கிய முறையைப் போல், இத்தனை சொற்ப முதலில் இத்தனை லாபம் தரும் உபாயம் விஞ்ஞானத்தில் வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே. கரியமிலவாயுவில் கரிக்கு 4, பிராணவாயு இரண்டுக்கும் 12 என்று கையிருப்பான வெளி எலெக்ட்ரான்கள் 16. மூன்று அணுக்களும் தலைக்கு எட்டு வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதால் தேவை 24. குறைகிற 8-ஐ இருவர் இருவராய்ப் பங்குபோட்டே சரிக்கட்ட வேண்டியிருப்பதால், பிணைப்புகள் 4. பிராணவாயு மூலக்கூறுக்கும் இக்கணக்கு பிசகாமல் 2 என்கிறது; ஆயினும் திரவமாக்கிய பிராணவாயுவைக் காந்த முனைகளுக்கிடையே ஊற்றினால், இளநீல நிறத்தில் அது அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் விந்தையைப் பற்றி, ஜோடி ஜோடியாக அமர்ந்த அந்தப் புள்ளிகள் வாய் திறப்பதில்லை.