செத்த கடிதமும் முப்பது விநாடிக் கருணையும்

கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாக இயங்கும் மின்னஞ்சல் நிரல்கள் மனிதரை மதியாதவை என்றொரு குற்றச்சாட்டு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கைதவறி ஒரு விசையைத் தட்டினால் கடிதம் போயிற்று என்பார்கள். இதை நாம் ஏற்பதற்கில்லை. மனிதக் கை தவறும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டவை அந்நிரல்கள்தாம்.

யூனிக்ஸின் பழைய 'மெயில்' நிரலில், எழுதிக்கொண்டிருக்கையில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் கடிதம் உடனே அழியாது. இன்னொருமுறை அழுத்தினால் அழியும் என்ற எச்சரிக்கை வரும். அதையும் மீறி அழித்தால், எழுதியவை 'டெட் லெட்டர்' என்னும் கோப்பில் சேமிக்கப்படும். அஞ்சலகத்திலிருந்து வந்த பெயர் அது. உரியவரிடம் சேர்க்கவும் அனுப்பியவருக்குத் திருப்பவும் இயலாத கடிதத்தைக் குறிப்பது. மெல்வில்லின் பார்ட்டில்பி அத்தகைய அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற வதந்தியோடுதான் 1853-இல் வெளிவந்த அக்கதை முடிகிறது. அங்கே செத்த கடிதங்கள் எரிக்கப்பட்டன. இங்கே அவை காக்கப்பட்டன.

1989-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கிய 'பைன்' நிரலில் 'டி' விசை கடிதத்தை நீக்குவதில்லை. நீக்கலாம் என்று குறியிடுகிறது. 'யு' தட்டினால் குறி அகலும். வெளியேறும்போது நிரல் மீண்டும் கேட்கும். 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் தொடங்கிய 'மட்' நிரலிலோ, பாதியில் நிற்கும் கட்டளையைக் கண்ட்ரோல்-ஜி விலக்கும்; 'எக்ஸ்' தட்டினால் குறிகள் எதுவும் நிறைவேறாமலே வெளியேறலாம்.

குறையே இல்லை என்று வாதிட மாட்டோம். 'மட்'டில் அனுப்புமுன் வரும் திரையில் 'ஒய்' தட்டினால் மறுகேள்வியின்றி அஞ்சல் புறப்பட்டுவிடும். ஆயினும் அடிப்படைக் கொள்கை தெளிவானது: கட்டளை வேறு, அதன் நிறைவேற்றம் வேறு. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் பயனருக்கு உரியது.

இன்றைய நிரல்கள் அக்காலத்தைக் கடிகாரத்திடம் ஒப்படைத்துவிட்டன. ஜிமெயிலில் 2009-இல் சோதனையாக வந்து 2015-இல் நிலைபெற்ற 'அனுப்பியதைத் திரும்பப் பெறும்' வசதி பெரிதும் புகழப்படுகிறது. உண்மையில் அது எதையும் திரும்பப் பெறுவதில்லை. சில விநாடிகள் தாமதித்து அனுப்புகிறது, அவ்வளவே. அதிகபட்சக் கருணை 30 விநாடி. குப்பைத்தொட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 30 நாள் கழித்து நம்மைக் கேளாமலே அதுவும் காலியாகிறது.

எழுத்தை நம்பி வாழ்வோருக்கு இது சிறிய விஷயமன்று. எழுதியதை அழிப்பதா வைத்திருப்பதா என்ற முடிவு எழுதியவருடையது. அவர் தயங்கலாம், நாள் கடத்தலாம், மனம் மாறலாம். அந்த உரிமையை மதித்த நிரல்களைக் கரடுமுரடானவை என்றும், விநாடி எண்ணிப் பறிப்பவற்றை இனிமையானவை என்றும் அழைக்கும் வழக்கத்தை நாம் மறுக்கிறோம். ஒரு நிரல் இனிமையானதா என்பதை அதன் வண்ணங்களைக் கொண்டு அளக்க வேண்டாம். நம் கை தவறும்போது அது யாருடைய சொல்லுக்காகக் காத்திருக்கிறது என்பதைக் கொண்டு அளப்போம்.