ஊசிக்கு முன் ஒரு வார்த்தை



ஊரை விட்டு வந்து பெருநகரத்தில் பிழைக்கிறவர்களுக்கு நோய் என்பது உடம்பை மட்டும் வாதிக்கிற காரியம் அல்ல. அது வேலையைத் தொடும். வாடகை வீட்டைத் தொடும். மகளின் திருமணப் பேச்சையும் தொடும். ஆகையால்தான் நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் உள்ள அநேகர் அதை ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து வாழ்கிறார்கள்.

மும்பையில் மூட்டை தூக்கிப் பிழைக்கும் சகோதரர் ஒருவரை நான் அறிவேன். இரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் தமக்கு ஹெப்படைட்டிஸ் பி இருப்பது அவருக்குத் தெரியவந்தது. மழைக்காலத்திற்கு முன் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அவரோ அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நடமாடினார். விசாரித்தபோது மூன்று பயங்களைச் சொன்னார். அவை உங்களுக்கும் இருக்கக்கூடும்.

"ஏற்கெனவே கெட்டிருக்கும் ஈரலை இந்த ஊசி இன்னும் கெடுக்காதா?" என்பது முதல் பயம். கெடுக்காது. ஃபுளூ தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. அது ஃபுளூவை உண்டாக்காது, ஹெப்படைட்டிஸையும் கிளறிவிடாது. கை ஓரிரு நாள் வலிக்கலாம், இலேசான காய்ச்சல் வரலாம். ஆனால் ஃபுளூ காய்ச்சலோ நலிந்த ஈரலுடையவரை எளிதில் நிமோனியா வரைக்கும் இழுத்துச் செல்லும். ஈரல் சுருங்கிய நிலையில் இருப்பவருக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம். மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தில் மட்டும் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி உண்டு. அது நமக்கு வேண்டாம். ஊசியையே கேட்டு வாங்குங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி வேறு, ஃபுளூ தடுப்பூசி வேறு என்பதையும் குழப்பிக்கொள்ளாதிருங்கள்.

"ஊசியால் பரவும் நோய்க்காரன் நான், மறுபடியும் ஊசியா?" என்பது இரண்டாவது பயம். இதை அற்பமாக எண்ணக்கூடாது. 2009ஆம் ஆண்டு குஜராத்தின் மோடாசா பகுதியில், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதால் ஹெப்படைட்டிஸ் பி பரவி உயிர்கள் பலியாயின. ஆகவே உங்கள் கண்முன்னே புதிய உறையைப் பிரித்து ஊசியை எடுக்கும்படி கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. அது உங்கள் உரிமை.

"தடுப்பூசி போட்டால் விசுவாசக் குறைவு ஆகாதா?" என்பது மூன்றாவது. மழை வருமுன் நம் வீட்டுக் கூரையின்மேல் தார்ப்பாய் விரிக்கிறோம். அதை அவிசுவாசம் என்று ஒருவரும் சொல்வதில்லை. லூக்கா வைத்தியராயிருந்தார் என்பதையும் நாம் அறிவோம். ஜெபிக்கிற கை மருந்துச் சீட்டையும் பிடிக்கலாம்.

ஆனால், பிரியமானவர்களே, அந்தச் சகோதரர் சொல்லாத நான்காவது பயம் ஒன்று உண்டு. ஊசி போடும் இடத்தில் தம் நோயைச் சொல்லவேண்டி வருமே என்ற வெட்கமே அது. அதுவே மற்ற மூன்றையும்விடப் பெரியது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஈரல் சுருங்கியவர்களுக்கு இரத்தம் உறைவது தாமதமாகலாம். தெரிந்தால் மெல்லிய ஊசியால் குத்தி, பஞ்சை இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிப்பார்கள். முன்பு தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸுக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசியை முன்னிட்டு ஒரு நாளும் அதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் சீறி எழும்பும்.

எப்பொழுது போடுவது? மும்பை, புனே, கொல்கத்தா, டெல்லி ஆகிய நகரங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஃபுளூ பெருகும். டெல்லியில் குளிர்காலத்திலும் தலைகாட்டும். சென்னையில் அது வடகிழக்குப் பருவமழையோடு வரும். பலன் கிடைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகையால் மேற்சொன்ன நகரங்களில் வாழ்கிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களிலேயே மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நலம். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் சேர்க்கவேண்டிய வகைகளைத் தீர்மானிக்கிறது. சென்ற ஆண்டின் ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. ஆண்டுதோறும் இதற்கென ஒரு தொகையை எடுத்துவையுங்கள்.

ஊசி போட்ட பின்னும் காய்ச்சல் வந்தால் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதிருங்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலையே அழிக்கும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதால், அறியாமலே இரட்டிப்பாக விழுங்கிவிடுகிறோம். உங்களுக்குத் தகுந்த அளவை மருத்துவரிடம் முன்னமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவில் அந்தச் சகோதரர் போனார். தலைகுனிந்தபடியே தம் நோயைச் சொன்னார். செவிலியர் முகம் சுளிக்கவில்லை. பஞ்சை அழுத்திக்கொண்டே, "உங்கள் மனைவிக்குப் பரிசோதனை செய்தாயிற்றா?" என்று கேட்டார். அதுவரை அவர் மனைவியிடமே சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு சொன்னார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ததில் ஒருவருக்கும் நோய் இல்லை. மனைவிக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி தொடங்கப்பட்டது. பிள்ளைகள் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். 2018ஆம் ஆண்டு ஜூலை 28இல் தொடங்கிய தேசிய திட்டத்தின் கீழ் ஹெப்படைட்டிஸ் பி, சி ஆகியவற்றுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு என்பதையும் அவர்கள் அப்பொழுதுதான் அறிந்தார்கள்.

ஒன்றாய் உண்பதாலும் கட்டித்தழுவுவதாலும் இந்த நோய் தொற்றாது. மறைப்பதாலோ நம் வீட்டாரின் பாதுகாப்பு தள்ளிப்போகிறது. உங்கள் சட்டைப்பையிலும் மடித்துவைத்த ஒரு சீட்டு இருக்கிறதா? மழை தொடங்குமுன் அதை எடுத்து விரியுங்கள்.