குளத்துப் பாசியும் எரிபொருளும்



குளத்துப் படியில் பாசி வழுக்கி விழாதவர் நம்முள் அரிது. அப்பாசிக்கு உறவான நுண்பாசி, ஞாயிற்றின் ஒளியையும் கரியமில வாயுவையும் கொண்டு தன் உடலுக்குள் எண்ணெயைச் சேர்த்துவைக்கிறது. பல வகைகளுக்கு உவர்நீரே போதும். நெல் விளையும் நன்செய் வேண்டுவதில்லை. அவ்வாறாயின் அந்த எண்ணெயில் ஏன் இன்னும் வண்டிகள் ஓடவில்லை என இளைஞர் சிலர் வினவுகின்றனர். நல்ல வினா.

அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதனை ஆராய்ந்தது. ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் செலவாயிற்று. அறிஞர்கள் சுமார் 3,000 பாசி வகைகளைத் திரட்டினர். நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் நகரில் திறந்த குளங்களில் வளர்த்தும் பார்த்தனர். இரவுக் குளிர் விளைச்சலைக் குறைத்ததேனும் பாசி வளரவே செய்தது.

இடர்ப்பாடு அறுவடையில் உள்ளது. ஒரு லிட்டர் குளத்து நீரில் உலர்ந்த பாசி அரை கிராம் அளவே தேறும். எனவே ஒரு கிலோ பாசிக்கு 2,000 லிட்டர் நீரை வடித்தாக வேண்டும். அதில் கால் பங்கு எண்ணெய் எனக் கொண்டாலும் கையில் கிடைப்பது கால் கிலோ! நீரை இறைக்கவும் வடிக்கவும் பாசியை உலர்த்தவும் ஆற்றல் தேவை. தழைச்சத்தும் மணிச்சத்தும் இட வேண்டும். இக்கணக்கை நம் இல்லத்தரசியர் என்னினும் விரைவில் போட்டுவிடுவர். குழந்தைகளின் பால்மாவில் சேர்க்கும் ஒருவகைப் பாசி எண்ணெய், கலன்களில் சர்க்கரை ஊட்டி வளர்த்து எடுக்கப்பெற்று, இலாபத்துடன் விற்பனையாகிறது. சிறிதளவில் விற்கும் சத்துப்பொருள் அவ்விலையைத் தாங்கும். வண்டியில் எரிப்பது தாங்காது.

பாசி எண்ணெயின் விலை, விளைச்சலை மிகத் தாராளமாக மதிப்பிட்டாலும், டீசலைப்போல் இருமடங்காகும் என்றே அத்திட்டத்தின் 1998 ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. பின்னர் 2009-இல் எக்ஸான்மோபில் நிறுவனம் 60 கோடி டாலர் வரை செலவிடக்கூடும் என அறிவித்தது. 2023-இன் தொடக்கத்தில் அது விலகிக்கொண்ட செய்தி வந்தது.

மாசுபடுத்தும் எரிபொருள்களுக்கு மாற்றினைத் தாமதமின்றிப் படிப்படியாகக் கொணர வேண்டும் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அம்மாற்று பாசியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எனினும் எண்ணெய் விலை ஏறும்போது குளம் வெட்டி, இறங்கும்போது கைவிடுவது ஆராய்ச்சிக்கு உகந்த முறையாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கத் திட்டத்தினர் மூடும் வேளையிலும் ஒன்று செய்தனர்: தாம் தேர்ந்தெடுத்த சுமார் 300 பாசி வகைகளை, அடுத்து வருவோர்க்கென ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் காப்பில் ஒப்படைத்தனர்.