பாஸ்போர்ட்டைக் கேட்காத விலைப்பட்டியல்

ஹைதராபாத்தில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது. விசா கிடைக்க வேண்டுமென்றால் சில்கூர் பாலாஜி கோயிலில் 11 சுற்று, கிடைத்த பிறகு நன்றிக்கு 108 சுற்று. 'விசா பாலாஜி' என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. விசாவுக்குச் சாமி இருக்கிறார், டிக்கெட்டுக்குத்தான் இல்லை. அறுபதைத் தொட்ட இருவர் உடம்பு நோகாமல் போய்ச் சேர, கட்டுப்படியாகிற விலையில் ஒரு டிக்கெட் வேண்டும் என்று எந்தச் சந்நிதியில் போய் நிற்பது?

2021 ஜனவரியில் ஏர் இந்தியா இங்கிருந்து சிகாகோவுக்கு நேரடி விமானம் விட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை நம் நாட்டு விமானங்களுக்கு மூடிய பிறகு டெல்லி வழிப் பயணமும் சுற்றுவழியாகிவிட்டது. ஆக, துபாயோ தோகாவோ ஃபிராங்க்ஃபர்ட்டோ, எங்காவது இறங்கி ஏறித்தான் தீர வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. எங்கே இறக்கி எப்படி ஏற்றப் போகிறார்கள் என்பதை விலைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

டிக்கெட் தளம் ஒன்றைத் திறந்து ஹைதராபாத், டல்லாஸ், இரண்டு பேர் என்று தட்டினேன். பட்டியலின் தலையில், மற்றவற்றைவிட ஆளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் குறைவாக ஒன்று பளிச்சென்று நின்றது. பக்கத்தில் பச்சை நிறத்தில் 'சிறந்த விலை' என்று ஒரு முத்திரை. கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறியை அமுக்கிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரிகிறது: ஹைதராபாத்திலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து லிஸ்பன், பிறகு பாஸ்டன், பிறகு டல்லாஸ்.

ஃபிராங்க்ஃபர்ட்டும் லிஸ்பனும் ஷெங்கன் நாடுகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது அவர்கள் கணக்கில் உள்நாட்டுப் பயணம். அதாவது ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே குடிநுழைவைத் தாண்டி உள்ளே போக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். கையில் பத்து வருட அமெரிக்க விசா இருந்தாலும் அது இங்கே செல்லாது. இது தெரியாமல் பணம் கட்டியவரை ஷம்ஷாபாத் விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். பணமும் போச்சு, பயணமும் போச்சு.

ஒரு ஜெர்மானியருக்கு அதே டிக்கெட் உண்மையிலேயே மலிவுதான். எனக்கு அது டிக்கெட்டே இல்லை. என் மொபைல் எண், பிறந்த தேதி, எந்த வங்கி அட்டைக்கு எவ்வளவு தள்ளுபடி என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கும் தளம், நான் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் கடைசிப் பக்கம்வரை கேட்பதில்லை. கேட்ட பிறகும் அதை வைத்து எதையும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் மறுமுனையில் ஒரு பையன், மனப்பாடமாக: "விசா தேவையைச் சரிபார்க்க வேண்டியது பயணியோட பொறுப்பு சார்." சரி தம்பி, விற்கிறவருக்கு என்னதான் பொறுப்பு? "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அடுத்த மலிவுச் சரக்கு, இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டை ஒட்டவைத்து ஒன்றாகக் காட்டுவது. நடுவில் பெட்டியை நாமே எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பெட்டி வரும் இடமோ குடிநுழைவுக்கு அந்தப் பக்கம்; அதற்கும் அந்த நாட்டு விசா வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அது உங்கள் தலையெழுத்து. இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை. இந்த வித்தியாசத்தைச் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

விசா பிரச்சினையே வேண்டாம், நியூயார்க்கில் மாறலாம் என்று பார்த்தால் ஜே.எஃப்.கே.யில் இறக்கி லகார்டியாவில் ஏறச் சொல்கிறது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள். முழங்கால் வலிக்காரி ஒருத்தி, இரண்டு இருபத்து மூன்று கிலோ பெட்டிகளோடு, பதினாறு மணி நேரம் உட்கார்ந்து வந்த பிறகு, டாக்சி பிடித்து ஓட வேண்டும். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிச்சமாகிற காசுல எனக்கு முட்டி ஆபரேஷன் பண்ணிடுங்க."

கிளம்பும் நேரத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. இங்கிருந்து மேற்கே போகும் நீண்டதூர விமானங்களில் முக்கால்வாசி நடுநிசிக்கும் விடியலுக்கும் நடுவில்தான் புறப்படுகின்றன. வளைகுடாவில் காலையில் கூட்டமாகக் கிளம்பும் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களைப் பிடிக்க வேண்டுமென்றால் நாம் அகாலத்தில் கிளம்ப வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 5 மணிவரை விமானம் ஏறி இறங்க 2011லிருந்து தடை. சுற்றி இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டுமாம். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அவர்கள் கண் விழிக்கும் நேரத்துக்கு நாம் போய் இறங்க வேண்டும் என்பதற்காக இங்கே சிகந்திராபாத்தில் ஒரு குடும்பமே இரவெல்லாம் விழித்திருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மெஹதிப்பட்டினம் மேம்பாலத்தில் ஏறி ஷம்ஷாபாத் போய்ச் சேர்ந்தால், ஒருவரை வழியனுப்பப் பதினைந்து பேர் வந்து நிற்கிறார்கள். இதில் தேதிக் குழப்பம் வேறு. 15ஆம் தேதி அதிகாலை 2.30 என்று இருந்தால் 14ஆம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15 இரவு சாவகாசமாகப் பெட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

விலை ஏன் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி பார், ரகசிய ஜன்னலில் தேடு, நேற்று தேடியதை அழித்துவிடு. நடப்பது இதைவிடச் சாதாரணமானது. ஒரே எகானமி இருக்கைகளை ஆங்கில எழுத்து எழுத்தாகப் பல விலை வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலிவான வகுப்பில் ஒரே ஒரு இடம் பாக்கியிருக்க, நீங்கள் இரண்டு பேருக்குத் தேடினால் பெரும்பாலும் இரண்டு பேருக்குமே அடுத்த வகுப்பின் விலையைப் போட்டுவிடும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்தால் விலை இறங்குவது இதனால்தான். அதற்காகப் புருஷன் பெண்டாட்டிக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். வழியில் விமானம் ரத்தானால் ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட வாய்ப்புண்டு. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோகாவுக்குப் போக வேண்டிய விமானங்கள் எங்கெங்கோ இறங்கின. அந்த மாதிரி இரவில் இரண்டு பேரும் ஒரே டிக்கெட்டில் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

டல்லாஸில் இருக்கும் மகள், நான் அனுப்பிய ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டுக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அதை எடுக்காதீங்கப்பா." "அம்மாவுக்கு வீல்சேர் போட்டுடுங்கப்பா." நடக்க முடிந்தவர்களுக்கும் வீல்சேர் கேட்கிறார்கள் என்று விமான நிறுவனங்கள் அலுத்துக்கொள்வது எனக்கும் தெரியும். மொழி தெரியாத ஊரில், கேட் எண் மாறிக்கொண்டே இருக்கும் கட்டடத்தில், கையைப் பிடித்து அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும் என்பதற்குத்தான் பாதிப் பேர் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள். டிக்கெட் விற்கும்போதே வழியைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் அதில் பாதிக் கூட்டம் குறையும்.

கடைசியில் அபுதாபி வழியாக, ஒரே டிக்கெட்டில் எடுத்தோம். 2014லிருந்து அமெரிக்கக் குடிநுழைவை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் போய் உள்நாட்டுப் பயணி மாதிரி வெளியே வரலாம். பட்டியலில் அது எங்கோ கீழே, யாரும் விரல் தள்ளிப் போகாத இடத்தில் கிடந்தது.

விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் பயணிகள் சாசனம் ஒன்றை வெளியிட்டது. தாமதம், ரத்து, பெட்டி தொலைவது எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. இந்தியாவில் டிக்கெட் விற்கிற எந்தத் தளமும் முதல் கேள்வியாகப் பாஸ்போர்ட்டையும் கையிலுள்ள விசாவையும் கேட்க வேண்டும், அவற்றை வைத்துப் போக முடியாத வழியை விலைப்பட்டியலில் காட்டவே கூடாது என்று அதில் இன்னொன்றையும் சேர்க்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் விலைக்குப் பக்கத்திலேயே, விலை அளவு எழுத்தில் சொல்லட்டும். அதுவரை, வாசகர்களே, பச்சை முத்திரையைப் பார்த்ததும் பணம் கட்டாதீர்கள். அந்தச் சின்ன அம்புக்குறியை அமுக்கிப் பாருங்கள்.