அழகாய்த்தான் இருக்கிறார், அதனால் என்ன?

இந்த வாரத் தபாலில் வந்த ஒரு கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் பாங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி, வயது 28. பெயரும் ஊரும் வேண்டாமென்று கேட்டுக் கொண்டிருக்கிறார். ஆகவே அவை வேண்டாம், விஷயத்துக்கு வருவோம்.

ஒரு வரனின் ஜாதகமும் படமும் வாட்ஸப்பில் வந்திருக்கின்றன. அம்மா படத்தைக் காட்டி, "பையன் எப்படி இருக்கான், சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். இவர் பார்த்தார். களையான முகம், நல்ல நெற்றி, சிரிப்பும் மோசமில்லை. "நன்றாகத்தான் இருக்கிறார்" என்று உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான்! அம்மா நேரே சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து விட்டாள். அரைமணிக்குள் பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் டெலிபோன் பறந்தது. தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள்.

"அவர் அழகு என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் எத்தனை அழகான மனிதரைப் பார்த்தாலும், பார்ப்பதோடு சரி. கிட்டே போக வேண்டும், தொட வேண்டும் என்று யார் மேலும் எனக்குத் தோன்றியதே இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே இப்படித்தான். நான் சொன்னது பொய்யா, நிஜமா?" என்று கேட்டிருக்கிறார்.

நிஜம்தான், சகோதரி. கேள்விதான் தகராறு.

நம் வீடுகளில் 'பிடித்திருக்கிறதா' என்று ஒரு சொல் இருக்கிறது. கத்தரிக்காய்க் கறிக்கும் அதுதான், பட்டுப் புடவைக்கும் அதுதான், மாப்பிள்ளைக்கும் அதுதான். கறி பிடித்திருந்தால் இன்னொரு கரண்டி போட்டுக் கொள்ளலாம். புடவை பிடித்திருந்தால் விலை கேட்கலாம். மனிதர் விஷயத்தில் அப்படியா? 'அவன் பார்க்க லட்சணமாயிருக்கிறானா' என்பது ஒரு கேள்வி. 'அவன் பக்கம் உன் மனசும் உடம்பும் சாய்கிறதா' என்பது வேறொரு கேள்வி. பெரும்பாலோருக்கு முதலாவதற்கு 'ஆமாம்' என்று சொல்லும்போதே இரண்டாவதும் கொஞ்சமாவது கூட வந்து விடுவதால், இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுப் பழகி விட்டோம். கூட வராதவர்களும் உலகத்தில் உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பாங்கியில் சாப்பாட்டு வேளையில் நடப்பதையும் இந்தச் சகோதரி எழுதியிருக்கிறார். டிபன் டப்பாக்கள் திறந்ததும் சினிமா நடிகர்கள் வந்து விடுவார்களாம். "உனக்கு யாரைப் பிடிக்கும்? இவர் அழகா, அவர் அழகா?" என்று கேள்வி. "இவர் அழகு" என்றால், "ஓஹோ! அப்படியா சங்கதி!" என்று ஒரு வாரம் கேலி. "யாரும் இல்லை" என்றாலோ, "பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிறது" என்பார்கள். ஆகவே ஒரு நடிகரின் பெயரைத் தயாராக வைத்திருக்கிறாராம், பஸ் கண்டக்டருக்குச் சில்லறை வைத்திருப்பதுபோல. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்து விட்டால் தொல்லை விட்டது!

இது இவர் ஒருவர் மட்டும் கண்டுபிடித்த தந்திரமல்ல. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இவரைப் போன்றவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தோழிகள் வளைத்துக் கொண்டு, 'உனக்கு யார் மேல் கண்?' என்று கேட்டபோது, வகுப்பில் ஏதோ ஒரு பையனின் பெயரைக் குருட்டாம்போக்கில் சொல்லி வைத்தோம் என்கிறார்கள். பிறகு அந்தப் பையன் காதுக்கு விஷயம் எட்டி, அவன் வந்து நின்றால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

இவர்களை ஆங்கிலத்தில் 'ஏசெக்ஷுவல்' என்பார்கள். தமிழில் 'அல்பாலீர்ப்பு' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் கொஞ்சம் கரடுமுரடுதான், பொருள் எளிது. பிறர் மேல் உடல் நாட்டம் எழாத சுபாவம். இது நேற்று முளைத்த நாகரிகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் கின்ஸி என்றொரு பேராசிரியர். முதலில் குளவிகளை ஆராய்ந்தவர். பிறகு மனிதர்களிடம் வந்தார். ஆண்களைப் பற்றி 1948-லும் பெண்களைப் பற்றி 1953-லும் அவரும் அவரது கூட்டாளிகளும் இரண்டு பெரிய புத்தகங்கள் வெளியிட்டார்கள். யாருக்கு யார் மேல் நாட்டம் என்பதைப் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஓர் அளவுகோலில் வைத்தார் கின்ஸி. சிலர் அந்த அளவுகோலில் எங்கேயும் நிற்கவில்லை! அவர்களுக்கு 'எக்ஸ்' என்று தனியாக ஓர் எழுத்தைப் போட்டு ஒதுக்கி வைத்தார். ஒதுக்கியதோடு சரி, வெகு காலம் அவர்களைப் பற்றி அதிகம் பேர் கவலைப்படவில்லை.

2004-ல் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் அந்தோனி போகார்ட், பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் விசாரித்து எடுத்த கணக்கைப் புரட்டினார். 'யார் மேலும் எனக்கு எப்போதுமே நாட்டம் வந்ததில்லை' என்று பதில் சொன்னவர்கள் சுமார் நூற்றுக்கு ஒருவர். அவர்களில் பெண்கள் அதிகம். நூற்றுக்கு ஒன்று என்பது சொற்பமாகத் தோன்றலாம். ஒரு கல்யாண மண்டபத்தில் 500 பேர் பந்தியில் உட்கார்ந்தால், இந்தக் கணக்குப்படி ஐந்து பேர். அதில் ஒருத்தி மணையில் உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் கவலை.

இதில் சுவாரசியமான பகுதி, அழகைப் பற்றி இவர்கள் சொல்வது. எல்லோரும் ஒன்றுபோல் இல்லை. சிலருக்கு அழகு மிகக் கூர்மையாகத் தெரிகிறது; மூக்கின் நேர்த்தி, கழுத்தின் வளைவு, நடை, எதுவும் தப்புவதில்லை. கோயில் கோபுரத்தில் ஒரு நல்ல சிற்பத்தைப் பார்த்தால் நாம் நின்று விடுகிறோமே, அதைப் போல. நின்று பார்க்கிறோம், சந்தோஷப்படுகிறோம், சிற்பத்தை வீட்டுக்குத் தூக்கிக் கொண்டு வரவா பார்க்கிறோம்? இவர்கள் இதற்கு 'அழகு ஈர்ப்பு' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட் 1790-ல் எழுதிய நூலில், அழகைக் கண்டு வரும் இன்பம் அந்தப் பொருளை அடைய வேண்டும் என்ற ஆசை கலவாதது என்று வாதித்தார். அந்த மனிதர் கல்யாணமே செய்து கொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

இன்னும் சிலருக்கு முகங்களில் அழகு, அழகில்லை என்ற பேதமே சரியாகப் புலப்படுவதில்லை. "இவள் அழகி" என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, ஓகோ, பெரிய கண்ணும் வரிசைப் பல்லும் இருந்தால் அழகு போலிருக்கிறது என்று வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். வேறு சிலர், பழகி மனசுக்குப் பிடித்துப் போன பிறகுதான் அந்த முகம் அழகாகத் தெரிகிறது என்கிறார்கள். இந்தக் கடைசிச் சங்கதி நமக்குப் புதிதல்ல. கல்யாணத்தன்று 'இவரா!' என்று நினைத்து, பத்து வருஷம் கழித்து 'இவரைவிட யார் அழகு?' என்று சொன்ன பெண்மணிகள் எத்தனையோ பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் நாட்டம் இல்லை என்றால் அன்பு இல்லை என்று அர்த்தமில்லை. இவர்களில் துணை வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் உண்டு; கல்யாணம் செய்து கொண்டு சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. துணையே வேண்டாம், தோழிகளும் புத்தகங்களும் போதும் என்பவர்களும் உண்டு.

"டாக்டரிடம் காட்டினால் சரியாகி விடும்" என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் கிளம்பும். முன்பு இருந்த நாட்டம் திடீரென்று போய் விட்டால் டாக்டரைப் பார்க்கலாம், தப்பில்லை. ஆயுள் முழுக்க இதுதான் என் சுபாவம் என்று, வருத்தமில்லாமல் ஒருத்தி சொன்னால் அது வியாதியல்ல. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டிலேயே, தன்னை ஏசெக்ஷுவல் என்று அறிந்து கொண்டவருக்கு நாட்டக் குறைவு நோய் என்று சீட்டு எழுதக் கூடாது என்கிறார்கள். "மனசில் வேறு யாரையோ வைத்துக் கொண்டிருக்கிறாள்" என்பது இன்னொரு குரல். மனசில் யாருமே இல்லை என்பதுதான் சங்கதி என்றால், அதை நம்பத்தான் ஆளில்லை!

சரி, தை மாதத்துக்கு வருவோம். சகோதரி, அம்மாவிடம் இப்போதே பேசி விடுங்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் தட்டில் வந்த பிறகு பேச முடியாது. விஞ்ஞானமெல்லாம் வேண்டாம். "அம்மா, படம் நன்றாயிருக்கிறது என்றுதான் சொன்னேன். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொல்லவில்லை. எனக்கு யார் மேலும் அந்த மாதிரி ஆசை வந்ததில்லை; வரும் என்று காத்திருந்தும் பார்த்து விட்டேன்" என்று சொல்லுங்கள். அம்மா முதல் நாள் அழுவாள். இரண்டாம் நாள் ஜோசியரைத் தேடுவாள். மூன்றாம் நாள் கேள்வி கேட்பாள். அன்றைக்குத்தான் பேச்சு ஆரம்பமாகும். அத்தையும் பெரியம்மாவும் அறையில் இல்லாத வேளையாகப் பாருங்கள்.

அதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக் கொள்ளுங்கள்: கூட ஒரு துணை வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் அந்தப் பையன் வீட்டாருக்கு ரயில் டிக்கெட் செலவை மிச்சப்படுத்துங்கள். வேண்டும் என்றால், முகூர்த்தம் பேசுமுன் அந்தப் பையனிடம் தனியே ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். கேட்டு, இதைச் சொல்லி விடுங்கள். அவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. கணவன் மனைவி உறவில் அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று அவர் சொல்லட்டும், உங்களால் எது முடியும், எது முடியாது என்று நீங்கள் சொல்லுங்கள். தாலி கட்டிய பிறகு இதைப் பேசுவது இரண்டு பேருக்குமே தண்டனை. கேட்டுவிட்டு அவர் எழுந்து போனால் போகட்டும். ஊரெல்லாம் சொல்லி விடுவாரோ என்று பயமாயிருந்தால், முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பதிலிலிருந்து ஆள் எப்படி என்று தெரிந்து விடும்.

பாங்கிச் சிநேகிதிகளிடம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் கேட்பது பொழுதுபோக்குக்கு. அந்த நடிகரின் பெயரே அங்கே போதும். ஒரு வருஷமாக ஒரே பெயரைச் சொல்லி வருகிறீர்களாம், அவர் படங்கள் இரண்டு ஓடாமல் போயிருக்கின்றன என்கிறீர்கள். வேண்டுமானால் வேறு ஒருவரைப் போட்டுக் கொள்ளுங்கள்.