பொத்தானை அழுத்தியவர் குற்றவாளி அல்ல

‘பார்த்து அழுத்தியிருக்கக் கூடாதா?’ கைப்பேசியில் பணத்தை இழந்து நிற்பவரிடம் நம் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். ராஜபாளையத்து மில் வாசலில் கேட்கிறார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைத் தெருவிலும் கேட்கிறார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது: கவனமாக இருப்பவர் ஏமாற மாட்டார், ஆகவே ஏமாந்தவர் மேல்தான் பிழை. நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தீர்ப்பு தவறானது. ஏமாற்றுகிறவர் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடமும் கிடையாது.

விசைப்பலகையிலிருந்து தொடங்குவோம். நம் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேரும் பிள்ளைக்கு முதல் பாடம் ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப். கூடவே வரும் கண்டிப்பு, ‘கீழே பார்க்காதே’. லோயர், ஹையர் தேறி டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் வேலைக்குப் போகிறவரின் திறமையே, இடத்தை விரலிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணைத் தாளில் வைத்திருப்பதுதான். பழகிய விரல் எழுத்தைப் படித்துவிட்டு அடிப்பதில்லை. இடத்தை அறிந்து அடிக்கிறது. 1870களில் அமெரிக்காவில் ஷோல்ஸின் தட்டச்சுப்பொறிக்கு அமைந்த எழுத்து வரிசை, அந்த இரும்பு இயந்திரம் போன பிறகும் கைப்பேசிக் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. 1999ல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. ஆனாலும் தட்டச்சுப்பொறியில் பழகியவர்களின் விரல் இன்றும் பழைய இடத்தைத்தான் தேடுகிறது.

திரை வடிவமைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘தொடர்க’ என்ற பச்சைப் பொத்தானை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில் வைத்து விரலைப் பழக்குவார்கள். பிறகு ஒரு பக்கத்தில், அதே இடத்தில், அதே பச்சையில், ‘சந்தா தொடங்கு’ என்று வைப்பார்கள். ‘வேண்டாம்’ என்பது வெளிறிய சாம்பல் எழுத்தில் ஓரமாகக் கிடக்கும். பார்க்காமல் அழுத்தவைப்பதற்காகவே கட்டப்பட்ட திரையின் முன் உட்கார்ந்திருப்பவரிடம், பார்த்து அழுத்தியிருக்கலாமே என்று சொல்வது அநியாயம்.

அழுத்தியவர் படிக்காதவராக இருப்பார் என்கிறீர்களா? ஜேமி லுகூரியும் லியோர் ஸ்ட்ராஹிலெவிட்ஸும் 2021ல் அமெரிக்காவில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே சேவையை, கலைத்துப் பிரித்த குழுக்களுக்கு வேறு வேறு திரைகளில் காட்டினார்கள். நேர்மையான திரையைப் பார்த்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேர் ஏற்றார்கள். மென்மையான தந்திரம் சேர்த்த திரையில் அது சுமார் 26 சதவீதம் ஆனது. கடுமையான தந்திரத்தில் சுமார் 42 சதவீதம். குழுக்களிடையே கவனத்தில் வித்தியாசம் கிடையாது. மாறியது திரை மட்டும். மென்மையான தந்திரத்தில், குறைவாகப் படித்தவர்கள் கூடுதலாக விழுந்தார்கள். அப்படியானால் ஏமாந்தவரைத் திட்டும்போது நாம் யாரைத் திட்டுகிறோம்? படிப்பு எட்டாதவரைக் கூடுதலாக அடித்த திரையை விட்டுவிட்டு, அடி வாங்கியவரையே மறுபடியும் அடிக்கிறோம்.

இந்தத் திரைகள் தானாக முளைப்பதில்லை. ‘இந்த விலை இன்னும் 10 நிமிடம் மட்டுமே’ என்று ஓடும் கடிகாரம் சில வரி நிரல். பக்கத்தைப் புதுப்பித்தால் அது மறுபடி பத்திலிருந்து ஓடும். ஏனென்றால் அதற்குப் பின்னால் எந்தச் சலுகைக் கெடுவும் இல்லை. ‘இரண்டே இரண்டு மிச்சம்’ என்ற எண், கிடங்கைக் கேட்காமல் கணினி குலுக்கிப் போட்ட எண்ணாக இருக்கலாம். 2019ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அருணேஷ் மாத்தூரும் சக ஆய்வாளர்களும் சுமார் 11,000 இணையக் கடைகளை நிரல் வைத்துத் துழாவினார்கள். 1,818 இடங்களில் இத்தகைய தந்திரங்களைக் கண்டார்கள். 183 கடைகளில் அப்பட்டமான பொய்யே இருந்தது. இவற்றை ஆயத்தக் கருவியாக மற்றக் கடைகளுக்கு விற்பதற்கென்றே 22 நிறுவனங்களும் அகப்பட்டன. ஏமாற்று இப்போது வாங்கிப் பொருத்தும் சரக்கு. எந்த நிறம், எந்தச் சொல், எந்த இடம் அதிகம் பேரை விழவைக்கிறது என்று இரண்டு திரைகளை ஒரே நேரத்தில் ஓட்டி ஒப்பிடும் சோதனைக் கருவிகள் எங்கள் தொழிலில் அன்றாடப் புழக்கம். நீங்கள் ஒருமுறை கவனம் தவறினீர்கள். அவர்களோ லட்சக்கணக்கான விரல்களை அளந்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய நிறுவனமும் விலக்கல்ல. அமேசான் பிரைமில் சேர ஒன்றிரண்டு சொடுக்கு போதும். விலகவோ 4 பக்கம், 6 சொடுக்கு, 15 தெரிவுகள் என்று 2023 ஜூனில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி வழக்கு போட்டது. விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள் வழங்கிய பெயர் ‘இலியட்’, கிரேக்கர்களின் நீண்ட போர்க் காவியம். 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அத்தனை வாடிக்கையாளர்களும் கவனக்குறைவானவர்கள் என்று யாரும் அங்கே வாதாடி ஜெயிக்கவில்லை.

‘விழிப்புணர்வு போதும்’ என்பார்கள். விழிப்புணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது போதாது என்கிறேன். நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. பணம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, யுபிஐயில் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி, பின் நம்பரைப் போடவைத்துச் சுருட்டும் மோசடி பல ஆண்டுகள் நடந்தது. ‘பணம் பெற பின் தேவையில்லை’ என்று வங்கிகள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. கடைசியில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ என்ன செய்தது? தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி உத்தரவிட்டது. அறிவுரையால் அடைபடாத ஓட்டை, வடிவமைப்பை மாற்றித்தான் அடைபட வேண்டியிருந்தது.

பால்கோவா கடைத் தராசைப் பாருங்கள். அதில் அரசு முத்திரை இருக்க வேண்டும். எடை குறைந்தால் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். வாங்கியவரிடம் ‘நீ தராசு கொண்டுவந்து நிறுத்துப் பார்த்திருக்கலாமே’ என்று யாரும் கேட்பதில்லை. அதே நியாயம் திரைக்கும் வேண்டும். சட்டம் ஒரு பாதி வந்துவிட்டது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது: பொய் அவசரம், கூடையில் கேட்காததைத் திணிப்பது, மறுப்பவரைக் கூச வைப்பது, சந்தாப் பொறி, கடைசிப் பக்கத்தில் விலையை ஏற்றுவது எல்லாம் அதில் அடக்கம். 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் தங்கள் திரைகளைத் தாங்களே தணிக்கை செய்யும்படி இணைய வணிக நிறுவனங்களுக்கு அது சொன்னது. தராசை வைத்திருப்பவரே முத்திரையும் குத்திக்கொள்வது போதாது. வெளியார் தணிக்கை வேண்டும்.

நம்மால் ஆவதும் இருக்கிறது. ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதால்தான் இந்தத் தொழில் செழிக்கிறது. பணம் மோசடியில் போனால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்கும், திரைத் தந்திரத்தில் போனால் நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேச வேண்டும். பக்கத்தைப் படம் பிடித்து வைக்க வேண்டும். வீட்டில் ஒருவர் வந்து சொன்னால் ‘ஏன் அழுத்தினாய்’ என்பதை விட்டுவிட்டு, ‘அந்தத் திரையைக் காட்டு’ என்று கேளுங்கள்.

என் தொழிலில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலிருந்தும் ராஜபாளையம் ராம்கோ கல்லூரியிலிருந்தும் ஆண்டுதோறும் நிரல் கற்ற பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். எந்த மொழியில் எழுதுவது, எந்தக் கருவியால் வேகமாக எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பிலேயே, எதை எழுத மறுப்பது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்று ஏஐ கருவி நொடியில் ஒரு பக்கத்தை எழுதித் தருகிறது. ‘விலகும் வழியை மறைத்து வை’ என்ற கட்டளைக்கு ஆள் பொறுப்பில்லை என்று அதனால் ஆகிவிடாது. சேர எத்தனை சொடுக்கோ விலகவும் அத்தனையே. ‘வேண்டாம்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் ஒரே அளவு, ஒரே நிறம். தமிழில் விற்றால் நிபந்தனையும் தமிழில். இதை எழுதக் கூடுதலாக ஒரு நாள்கூட ஆகாது. இதற்கு மேலும் பொய்க் கடிகாரத்தை ஓடவிடுகிறவர் யாரோ, அவரைத்தான் கணக்குக் கேட்க வேண்டும்.