பலகையும் பற்று நோட்டும்



"கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகை தொங்காத மளிகைக் கடை நம் பக்கத்தில் குறைவு. அந்தப் பலகைக்குக் கீழே பற்று நோட்டு இல்லாத கடையும் குறைவு. காலம் கெட்டுக் கிடக்கிறதே, நம்பிக்கை எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் அந்த நோட்டைத்தான் காட்டுவேன்.

2025 ஆகஸ்டு 21-ல் முடிந்த மழைக்காலக் கூட்டத்தொடரில், மக்களவையில் 120 மணி நேரம் விவாதிக்கத் திட்டம். நடந்தது 37 மணி நேரமே. மீதி கூச்சலிலும் ஒத்திவைப்பிலும் போயிற்று. ஆறே நாளில், 27-ந் தேதி, இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாயிற்று. ஆர்டர் நின்றால் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகும்; சனிக்கிழமைச் சம்பளம் குறையும்; ஞாயிற்றுக்கிழமை நம் கடையில் ஒரு கிலோ பருப்பு அரைக் கிலோவாகும். வாஷிங்டனுக்கும் அருள்புரத்துக்கும் தூரம் அவ்வளவுதான்.

இது நமக்கு முதல் அடி அல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் கெட்டதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அப்போது பயந்து, சில்லறைக் கடைக்காரர்கள் ஐந்தாறு பேருக்கு ஒரே நாளில் சரக்கை நிறுத்தினேன். அவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு நிறுத்தினார்கள். இரண்டு கடைகள் பூட்டப்பட்டன. அந்தப் பாக்கி இன்று வரை வரவில்லை. நான் சரக்கு நிறுத்தாத கடைகளோ, கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாத முறையில் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கி, பட்டறைகள் திறந்த பிறகு, சிறுகச் சிறுக அடைத்துத் தீர்த்தன.

2020 ஊரடங்கில் அந்தப் பாடம் உதவியது. ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போன தொழிலாளர்கள் பலர் திரும்பி வந்து பழைய பாக்கியைக் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லாம் தானாகச் சரியாகும் என்று கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பதை நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். என் யோசனை இதுதான். நெருக்கடி வந்தால் கடனை அடியோடு நிறுத்தாதீர்கள், பாதியாகக் குறையுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு மட்டும் பற்று, மற்றவை ரொக்கம். வாராவாரம் நூறு ரூபாயாவது வரவு வைக்கச் சொல்லுங்கள். மொத்த வியாபாரிகளாகிய நாங்களும் சில்லறைக் கடைகளுக்குப் பதினைந்து நாள் தவணை கூடுதலாகத் தர வேண்டும். நான் தரத் தயார்.

வரி ஏறும், இறங்கும். சபையை ஒத்திவைக்கலாம், வீட்டு அடுப்பை ஒத்திவைக்க முடியாது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன்.